கார் ஏசி கம்ப்ரசரில் காற்றடிக்கலாமா? வாங்கும் முன் வரும் சந்தேகங்கள்

கேள்வி: என் பழைய ஜீப்பில் ஏசி ஓடி ரொம்ப காலம் ஆகிறது. கேஸ் இல்லை, சரிசெய்யும் எண்ணமும் இல்லை. அதிலிருக்கும் கம்ப்ரசரையே டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசராக மாற்றிக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். முடியுமா? கடையில் விற்கும் 12 வோல்ட் பம்ப் வாங்குவதைவிட இது லாபமா?

பதில்: முடியும். ஏசி கம்ப்ரசர் என்பது பெரும்பாலும் இன்ஜின் பெல்ட்டில் ஓடும் ஒரு பிஸ்டன் பம்ப்தான், உள்ளே வருவது குளிரூட்டும் வாயுவா காற்றா என்று அதற்குத் தெரியாது, எது வந்தாலும் அழுத்தித் தள்ளும். லாபமா என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஜீப் வகை வண்டியின் ஒரு டயருக்குள் சுமார் 80 லிட்டர் இடம் இருக்கும். மணலில் போவதற்காக 18 பி.எஸ்.ஐ.க்குக் காற்றை இறக்கிவிட்டு மறுபடியும் 35க்கு ஏற்ற வேண்டுமானால் டயருக்குச் சுமார் 95 லிட்டர், நான்குக்கும் சேர்த்து 380 லிட்டர் காற்று வேண்டும். சாதாரண 12 வோல்ட் பம்ப் நிமிடத்துக்கு 30, 40 லிட்டர்தான் தரும், அதுவும் அழுத்தம் ஏற ஏறக் குறையும், சூடேறினால் நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டும். ஒரு சுற்றுக்கு 155 சி.சி. தள்ளும் ஏசி கம்ப்ரசரை 2000 ஆர்.பி.எம்.மில் ஓட்டினால் காகிதக் கணக்கில் நிமிடத்துக்கு 310 லிட்டர் வரும். கசிவு, சூடு, வால்வு இழப்பு எல்லாம் போகப் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தால்கூட நான்கு டயருக்கும் காற்று ஓடும் நேரம் இரண்டே கால் நிமிடம்தான். நட்டு கழற்றும் இம்பாக்ட் ரெஞ்ச் ஓட்டலாம், டியூப்லெஸ் டயரை ரிம்மில் உட்கார வைக்கலாம். சின்ன பம்ப்பில் இதெல்லாம் நடக்காது.

ஆனால் செலவு கம்ப்ரசரில் இல்லை. அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது அல்லது காயலான் கடையில் கிடைக்கும். அதற்குப் பிறகு வரும் ஓஸ், ஆயில் செப்பரேட்டர், ஒருவழி வால்வு, சேஃப்டி வால்வு, பிரஷர் சுவிட்ச், டேங்க், ரிலே, ஒயரிங், ஃபிட்டிங் என்று போகும் பட்டியலில்தான் பணம் கரையும், ஓசியில் கம்ப்ரசர் கிடைத்தது என்று ஆரம்பித்தவர்கள் பாதியில் நிற்பதும் இங்கேதான். வருடத்துக்கு நாலு தடவை டயருக்குக் காற்றடிப்பவருக்கு நல்ல 12 வோல்ட் பம்ப் ஒன்று போதும், அதை வாங்குங்கள். காட்டுப் பாதை, மணல் என்று அடிக்கடி போகிறவர், காற்றில் ஓடும் கருவிகளை வண்டியோடு வைத்திருப்பவர், ஏர் லாக்கர் (இரு பக்கச் சக்கரங்களும் சேர்ந்தே சுற்றும்படி காற்றழுத்தத்தால் பூட்டும் அமைப்பு) போட்டவர், இவர்களுக்குத்தான் இந்த மாற்றம் கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.

கேள்வி: பழைய உதிரிபாகக் கடையில் பல வகை ஏசி கம்ப்ரசர் குவிந்து கிடக்கிறது. எதை எடுப்பது?

பதில்: உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், அந்தக் கம்ப்ரசருக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

யார்க் என்ற பழைய பெட்டி வடிவக் கம்ப்ரசருக்கு அடியில் தனியாக எண்ணெய்த் தொட்டி உண்டு, நம் இன்ஜினில் இருப்பதுபோல. 206, 209, 210 என்று வரும் மாடல்களில் 210தான் பெரியது, சுற்றுக்குப் பத்து கன அங்குலம் தள்ளும். காற்றுக்கு மாற்றுகிறவர்கள் இதைத்தான் தேடுவார்கள். கனமாக இருக்கும், இடத்தை அடைக்கும், அதிர்வும் அதிகம், ஆனால் எண்ணெய்க்கு அடுத்தவரை நம்பியிருக்காது.

சாண்டென் 508, 5எச்14, 7எச்15 போன்ற உருளை வடிவக் கம்ப்ரசர்கள் எளிதாகக் கிடைக்கும், சின்னது, அதிர்வும் குறைவு. ஆனால் இவற்றுக்கு எண்ணெய், குளிரூட்டும் வாயுவோடு கலந்து சுற்றி வருவதுதான். வாயுவை எடுத்துவிட்டுக் காற்றை விட்டால், உள்ளே இருக்கும் எண்ணெய் காற்றோடு வெளியே போகும், திரும்பி வர வழியே இல்லை. சில நாள் நன்றாக ஓடிவிட்டு ஒருநாள் இறுகிப்போய் நின்றுவிடும். வேண்டாம் என்று சொல்லவில்லை, எண்ணெய்க்கு ஏற்பாடு செய்துவிட்டு எடுங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இரண்டு வகையைத் தொடவே வேண்டாம். ஒன்று, புதிய கார்களில் வரும் வேரியபிள் டிஸ்ப்ளேஸ்மென்ட் கம்ப்ரசர். உள்ளே வரும் வாயுவின் அழுத்தத்தைப் பார்த்துத் தன் பிஸ்டன் ஓட்டத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். வெளிக்காற்றை இழுக்கும்போது அழுத்தமே இல்லை என்று அது ஓட்டத்தைச் சுருக்கிக்கொள்ளும், காற்று வராது. இவற்றில் பலவற்றுக்கு, வேண்டாதபோது கம்ப்ரசரைப் பெல்ட்டிலிருந்து பிரித்துவிடும் கிளட்ச்சும் இல்லை, இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் இருந்து கழற்றிய எலெக்ட்ரிக் கம்ப்ரசர். அது ஓடுவது 12 வோல்ட்டில் இல்லை, பெரும்பாலும் பல நூறு வோல்ட்டில். உயிரோடு விளையாட வேண்டாம்.

கேள்வி: பழைய கம்ப்ரசர் நன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே எப்படிப் பார்ப்பது? ஓட்டிக் காட்ட முடியாது என்கிறார் கடைக்காரர்.

பதில்: ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை, கையாலேயே பாதி தெரிந்துவிடும். முதலில் புல்லியை மட்டும் சுற்றிப் பாருங்கள். கரகர சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது, அதை மாற்றலாம். அடுத்து, முன்னால் இருக்கும் கிளட்ச் தட்டைப் பிடித்துச் சுற்றுங்கள். ஒரே சீராக, கொஞ்சம் இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கட்டிக்கொண்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இப்போது காற்று வெளியே வரும் டிஸ்சார்ஜ் துளையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு சுற்றுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வர வேண்டும், விரலை எடுத்தால் புஸ்ஸென்று விட வேண்டும். அந்தத் தள்ளல் இல்லையென்றால் வால்வு தகடோ ரிங்கோ தேய்ந்திருக்கிறது.

அப்புறம் துளைக்குள் சுத்தமான வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் தெளிவாகவோ லேசான மஞ்சளாகவோ இருந்தால் சரி. கறுப்பாக, வெளிச்சத்தில் மினுமினுக்கும் உலோகத் துகளோடு வந்தால் அது உள்ளே அரைபட்ட கம்ப்ரசர், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். துளைகள் மூடி இல்லாமல் திறந்தே கிடந்திருந்தால் ஈரம் புகுந்து துருப் பிடித்திருக்கும், அதையும் விடுங்கள். கிளட்ச்சுக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு வளையம் போட்டிருந்தால் ஷாஃப்ட் சீல் கசிகிறது. மல்டிமீட்டர் இருந்தால் கிளட்ச் காயிலை அளந்து பாருங்கள், 3 முதல் 4 ஓம் காட்ட வேண்டும்.

முக்கியமான இன்னொன்று, பின்னால் குழாய் பொருந்தும் ஃபிட்டிங்கையும், வண்டியில் பிடிக்கும் பிராக்கெட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கம்ப்ரசருக்கும் பின்பக்க அமைப்பு வேறு, தனியாகத் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும்.

கேள்வி: சாண்டென்தான் கிடைத்தது. எண்ணெய்க்கு என்ன செய்வது? ஏசி ஆயிலையே ஊற்றலாமா?

பதில்: ஏசி ஆயிலை ஊற்றாதீர்கள். இப்போதைய கார் ஏசிகளில் பெரும்பாலும் ஊற்றப்படும் பி.ஏ.ஜி. என்ற செயற்கை எண்ணெய், காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. மூடிய ஏசி அமைப்புக்குள் அது சரி. நீங்கள் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் ஈரக்காற்றை உள்ளே விடப் போகிறீர்கள். பழைய எண்ணெயை முழுதாக வடித்துவிட்டு, ஏர் கம்ப்ரசருக்கென்று விற்கும் மினரல் எண்ணெயைப் பயன்படுத்துங்கள்.

காற்று உள்ளே போகும் வழியில் துளித்துளியாக எண்ணெய் விடும் லூப்ரிகேட்டர் ஒன்று, வெளியே வரும் வழியில் எண்ணெயைப் பிரிக்கும் செப்பரேட்டர் ஒன்று, இந்த இரண்டும் வேண்டும். செப்பரேட்டரில் சேரும் எண்ணெயை அடிக்கடி வடித்து, லூப்ரிகேட்டரில் குறைவதை நிரப்ப வேண்டும். சிலர் எண்ணெய்க்குப் பதில் உள்ளே கிரீஸை அடைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். எப்போதாவது இரண்டு நிமிடம் ஓட்டுபவருக்கு அது தாங்கும், தொடர்ந்து கருவி ஓட்டுபவர் அதை நம்பக் கூடாது. யார்க்கிலும் ரிங் வழியாகக் கொஞ்சம் எண்ணெய் தப்பித்து வரும், அதற்கும் செப்பரேட்டர் தேவை.

காற்று இழுக்கும் வாய்க்கு ஃபில்டர் போட்டு, தூசியும் தண்ணீரும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கேள்வி: ஓஸ் எதுவானாலும் பரவாயில்லை, டேங்க்குக்குப் பழைய தீயணைப்புச் சிலிண்டரோ தடித்த பி.வி.சி. குழாயோ போதும் என்கிறார்கள். சரியா?

பதில்: இல்லை, இதில் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதலில் ஓஸ். ஏசியில் ஓடும்போது கம்ப்ரசருக்குள் வருவதே ஏற்கெனவே அழுத்தமாக இருக்கும் வாயு, அதோடு அந்த வாயு அழுத்தும்போது காற்று அளவுக்குச் சூடாகாது. வெளிக்காற்றை ஒரே மூச்சில் 8 பார் (சுமார் 116 பி.எஸ்.ஐ.) அளவுக்கு ஏற்றினால், சூடு எங்கும் இறங்காது என்று வைத்துக் கணக்குப் போட்டால் வெப்பம் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிலிண்டர் சுவர் வழியாகக் கொஞ்சம் போய்விடும் என்றாலும், வெளியே வரும் குழாயைக் கையால் தொட முடியாது. அங்கே சாதாரண ரப்பர் ஓஸ் போட்டால் உள்ளிருந்து வெந்து, தூள் தூளாக உதிர்ந்து, அந்தத் தூளே ஒருவழி வால்வில் போய் அடைக்கும். கம்ப்ரசரிலிருந்து வரும் முதல் ஓஸ், உள்ளே டெஃப்லானும் வெளியே ஸ்டீல் பின்னலும் உள்ளதாகத்தான் இருக்க வேண்டும், கொஞ்சம் நீளமாகவே போடுங்கள், போகிற வழியில் ஆறும். இன்ஜின் ஆடும் என்பதால் அங்கே இரும்புக் குழாயும் உதவாது, வெடிப்பு விடும்.

டேங்க் விஷயத்தில், எவ்வளவு அழுத்தத்துக்குச் சோதித்தது என்று பொறித்த காற்று டேங்க் மட்டுமே. தீயணைப்புச் சிலிண்டர், கேஸ் சிலிண்டர் எல்லாம் வேறு வேலைக்குச் செய்தவை, உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிப்பது வெளியே தெரியாது. பி.வி.சி. அதைவிட மோசம். உலோக டேங்க் பெரும்பாலும் ஓரிடத்தில் கசிந்து காட்டிக்கொடுக்கும், பி.வி.சி. உடைந்தால் கத்தி போன்ற சில்லுகளாகப் பறக்கும். எந்த டேங்கானாலும் அடியில் வடிகால் வால்வு இருக்க வேண்டும், ஓட்டி முடித்ததும் தண்ணீரை வடிக்க வேண்டும்.

சேஃப்டி வால்வு இரண்டு போடுங்கள். ஒன்று டேங்க்கில், டேங்க்கின் மதிப்பைத் தாண்டாத அளவில். 150 பி.எஸ்.ஐ. டேங்க் என்றால் பிரஷர் சுவிட்ச் 110, 120க்குள் கம்ப்ரசரை நிறுத்த வேண்டும், சேஃப்டி வால்வு 150க்குள் திறக்க வேண்டும். இரண்டாவது, கம்ப்ரசருக்கும் ஒருவழி வால்வுக்கும் நடுவில். ஒருவழி வால்வு அடைத்துக்கொண்டால் டேங்க்கில் இருக்கும் சுவிட்சுக்கும் வால்வுக்கும் எதுவும் தெரியாது, கம்ப்ரசர் தள்ளிக்கொண்டே இருக்கும், ஓஸ்தான் வெடிக்கும். எல்லாப் பாகங்களையும் சேர்த்து கிட்டாக விற்பார்கள், இந்தச் சின்ன வால்வு இல்லாத கிட்டை வாங்காதீர்கள்.

கேள்வி: என் காரில் ஏசி நன்றாக ஓடுகிறது. நடுவில் ஒரு வால்வு வைத்து, வேண்டும்போது ஏசி, வேண்டும்போது காற்று என்று அதே கம்ப்ரசரை மாற்றி மாற்றி ஓட்டித் தருகிறேன் என்கிறார் ஒரு மெக்கானிக்.

பதில்: வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். ஏசிக்குள் கொஞ்சம் காற்று புகுந்தாலே அது, வாயுவைத் திரவமாக்கும் கண்டென்சரில் திரவமாகாமல் உட்கார்ந்து அழுத்தத்தை ஏற்றும், ஈரம், திரவத்தைக் குறுகிய வழியில் விட்டுக் குளிரவைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்பாகங்களை அரிக்கும். இரண்டும் வேண்டுமென்றால் தனிப் பிராக்கெட்டில் இரண்டாவது கம்ப்ரசர்தான் வழி, இன்ஜினில் இடமும் பெல்ட் நீளமும் ஒத்துவர வேண்டும்.

ஏசியைக் கைவிடுகிறவரும் உள்ளே இருக்கும் வாயுவைக் காற்றில் திறந்துவிடாதீர்கள். ஆர்-134ஏ வாயு, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும், பல நாடுகளில் அதைத் திறந்துவிடுவது குற்றம். ரெக்கவரி மெஷின் உள்ள ஏசி மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் உறிஞ்சி எடுத்துவிடுவார்.

கேள்வி: ஏசி பட்டனை அழுத்தினாலே கம்ப்ரசர் ஓடிவிடுமா, தனி ஒயரிங் எதற்கு?

பதில்: ஓடாது. கேஸ் இல்லையென்றால், வாயு அழுத்தம் குறைவதைக் கவனிக்கும் லோ பிரஷர் சுவிட்ச், கிளட்ச்சைப் பிடிக்கவிடாது, அதைக் குறுக்கே இணைத்து ஏமாற்றும் வேலையும் வேண்டாம். ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் என்று தனி இணைப்பு கொடுங்கள். கிளட்ச் இழுப்பது 3, 4 ஆம்பியர்தான், பெரிய ஒயர் தேவையில்லை.

கேள்வி: இந்தக் காற்றில் பெயின்ட் அடிக்கலாமா? தண்ணீருக்கடியில் மூழ்குபவர்கள் சுவாசிக்கும் சிலிண்டரை நிரப்பலாமா?

பதில்: பெயின்ட்டுக்கு நல்ல ஃபில்டர் போட்டாலும் எண்ணெய் துளி வந்து மீன்கண் போல் குழி விழ வாய்ப்பு அதிகம், தவிர்ப்பது நல்லது. சுவாசிக்கும் காற்றுக்கு ஒருபோதும் கூடாது, எத்தனை ஃபில்டர் போட்டாலும். எண்ணெய்ப் புகை நுரையீரலுக்குள் போகும்.

கேள்வி: ரெடிமேட் கிட் வாங்குகிறேன். விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில்: உங்கள் இன்ஜின் மாடலைச் சொல்லி அதற்கே பிராக்கெட் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்ற பதில் வந்தால் நகர்ந்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் ஓஸ் எத்தனை டிகிரி தாங்கும், டேங்க்கின் மதிப்பு என்ன, சேஃப்டி வால்வு எதில் திறக்கும் என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். எண்ணெய் ஏற்பாடு கிட்டில் உண்டா என்று தனியாகக் கேளுங்கள், விளம்பரப் படத்தில் அது தெரியாது. வண்டி வாரன்டியில் இருந்தால் கம்பெனியிடமும், இன்ஷூரன்ஸ்காரரிடமும் மாற்றத்தை எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பொருத்திய அன்று இன்ஜினை ஓடவிட்டு டேங்க் நிரம்பும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள், சுவிட்ச் சரியான அழுத்தத்தில் நிறுத்துகிறதா, சோப்புத் தண்ணீர் தடவினால் எங்காவது குமிழ் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.