பூனை–எலி த்ரில்லர் என்றால் என்ன? கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகும் ஏன் பதறுகிறோம்?

துரத்துபவர், தப்பிப்பவர் இருவரையும் முன்பே காட்டிவிட்டு, யார் யாரை முந்துவார் என்பதிலேயே கதையை ஓட்டும் படம் இது. சீட்டாட்டத்தில் பின்னால் நின்று இருவர் கைச்சீட்டையும் பார்ப்பவருக்குத்தானே படபடப்பு அதிகம்!

நா ஹாங்-ஜின் இயக்கிய கொரியப் படம் 'தி சேஸர்' (2008) நல்ல உதாரணம். கொலைகாரன் சீக்கிரமே பிடிபடுகிறான், கொன்றதாக ஒப்புக்கொள்ளவும் செய்கிறான். ஆனால் ஆதாரம் இல்லை. போலீசால் அவனை அதிக நேரம் பிடித்துவைக்க முடியாது. அவன் அடைத்துவைத்த பெண் உயிரோடு இருப்பது நமக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியாது. அவளைத் தேடி அலைபவனோ முன்னாள் போலீஸ்காரன், இப்போது பெண்களை வைத்துத் தொழில் நடத்துபவன். பூனையும் யோக்கியமில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

ஓட்டமும் துரத்தலும்தான் இந்த வகை என்று பலர் நினைக்கிறார்கள். சந்துகளில் துரத்தும் காட்சி இதிலும் உண்டு. ஆனால் அதைவிடப் பதறவைப்பது கொலைகாரன் காவல் நிலையத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம்.