சோடியம் தன் எலக்ட்ரானைத் தானாகவே குளோரினுக்குக் கொடுத்துவிடுகிறதா?

கேள்வி இதுதான்: எண்ம நிலையை (வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்த அமைப்பை) அடைவதற்காகச் சோடியம் ஓர் எலக்ட்ரானை விட்டுவிடுகிறது என்று பாடம் சொல்கிறது. எலக்ட்ரானை நீக்க ஆற்றல் கொடுக்க வேண்டும் என்றும் அதே பாடம் சொல்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும்?

பொருந்தாது. முதலாவது, வாய்பாட்டை எழுத உதவும் குறுக்குவழி. இரண்டாவது அளந்து கண்டது. தனியாக இருக்கும் சோடியம் அணுவிலிருந்து வெளிக்கூட்டில் (3s) உள்ள எலக்ட்ரானைப் பிரிக்க மோலுக்கு 496 கிலோஜூல் வேண்டும். அதைக் குளோரின் அணு ஏற்கும்போது வெளிவருவது 349 மட்டுமே. ஆக, வெகுதொலைவில் இருக்கும் இரண்டு அணுக்களுக்கு இடையே எலக்ட்ரான் மாறினால் 147 கிலோஜூல் நட்டம்.

அந்த நட்டத்தை அடைப்பது மின்கவர்ச்சி. நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் நெருங்க நெருங்க ஆற்றல் வெளிப்படும். எளிய கூலூம் கணக்குப்படி, ஏறத்தாழ 0.94 நானோமீட்டர் இடைவெளியிலேயே 147 ஈடாகிவிடுகிறது. படிகத்தில் அருகருகே உள்ள Na⁺, Cl⁻ மையங்களுக்கு இடையே 0.282 நானோமீட்டர்தான். போதாததற்கு, ஒவ்வோர் அயனியையும் ஆறு எதிர் அயனிகள் சூழ்ந்திருக்கின்றன.

உலோகச் சோடியத்திலிருந்தும் குளோரின் வாயுவிலிருந்தும் தொடங்கினால் முழுக் கணக்கு (பார்ன்–ஹேபர் சுற்று) வரும். உலோகத்தைத் தனி அணுக்களாக்க 107, அரை மோல் Cl₂-ஐ உடைக்க 122, அயனியாக்க 496. மொத்தச் செலவு 725. குளோரின் திருப்பித் தருவது 349. மீதி 376 கிலோஜூல் கடன். அயனிகள் படிகமாக அடுக்கப்படும்போது கிடைக்கும் படிகக்கூடு ஆற்றல் 787. கடன் போக 411 கிலோஜூல் வெளியே வருகிறது. வினை அவ்வளவு வெப்பத்தோடு நடப்பது இதனால்தான். அணுக்கள் இந்த வரிசைப்படி நடந்துகொள்கின்றன என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த வழியில் போனாலும் மொத்தம் மாறாது என்ற ஹெஸ் விதியை நம்பிப் போடும் கணக்கு இது.

தேர்வில் இங்கேதான் பலர் சறுக்குவார்கள். MgCl₂-க்கு இதே கணக்கைப் போடும்போது முழு மோல் Cl₂-ஐ உடைக்க வேண்டும், 349-ஐ இரண்டால் பெருக்க வேண்டும், மக்னீசியத்தின் இரண்டு அயனியாக்கும் ஆற்றல்களையும் (738, 1451) கூட்ட வேண்டும். ஆக்சைடு என்றால் இன்னொரு பொறி: ஆக்சிஜனின் முதல் எலக்ட்ரான் ஆற்றலைத் தரும்; இரண்டாவது, ஏற்கெனவே எதிர்மின் சுமை உள்ள O⁻-க்குள் நுழைய வேண்டியிருப்பதால், ஆற்றலைக் கேட்கும். தனியாக விட்டால் O²⁻ நிலைக்காது. MgO படிகத்தின் பெரிய படிகக்கூடு ஆற்றல்தான் அதைத் தாங்குகிறது. இரட்டை மின்சுமைகளின் வலு உருகுநிலையிலும் தெரியும்: NaCl 801 டிகிரி செல்சியஸ், MgO 2,800-க்கும் மேல்.

அப்படியென்றால் சோடியம் ஏன் ஒன்றோடு நிற்கிறது? அடுத்த எலக்ட்ரான் உள்கூட்டில், 2p-யில் இருக்கிறது. அதை எடுக்க 4,562 கிலோஜூல். NaCl₂ என்றொரு படிகம் உருவானாலும் அதன் படிகக்கூடு ஆற்றல் இந்தச் செலவுக்குக் காணாது. எண்ம விதி சரியான விடை தருவதற்குக் காரணமே இந்தத் திடீர் ஏற்றம்தான். இந்த ஏற்றம் இல்லாத இடைநிலைத் தனிமங்களில் விதி கைவிட்டுவிடும். Fe²⁺, Fe³⁺ இரண்டிலும் மந்த வாயு அமைப்பு இல்லை.

படம் வரையும்போது Na-வுக்கும் Cl-க்கும் நடுவே எலக்ட்ரான்களைக் குறிக்கும் புள்ளிகளை வைக்காதீர்கள். அது எலக்ட்ரான்களைப் பகிரும் சகப்பிணைப்பின் படம். Na⁺ புள்ளியில்லாமல், Cl⁻ எட்டுப் புள்ளிகளோடு சதுர அடைப்புக்குள், மின்சுமை வெளியே. படிகத்தில் எந்தச் சோடியம் எந்தக் குளோரினுக்குக் கொடுத்தது என்ற கேள்விக்கே இடமில்லை. NaCl என்பது விகிதம், மூலக்கூறு அல்ல.

எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன்) வேறுபாடு 1.7-ஐத் தாண்டினால் அயனிப் பிணைப்பு என்ற விதியை அளவோடு நம்புங்கள். ஹைட்ரஜன் ஃபுளோரைடில் வேறுபாடு 1.78, ஆனாலும் அது சகப்பிணைப்பு மூலக்கூறு, 20 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் வெறும் புரோட்டான். அவ்வளவு சிறிய நேர்மின் துகள் ஃபுளோரைடின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்துவிடுவதால் பரிமாற்றம் பாதியிலேயே நின்று பகிர்வாகிவிடுகிறது.