“கொசு மருந்து அடிக்கிற வேலைக்கா படிக்க வைத்தேன்?”: ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

ப்ளஸ் டூவில் உயிரியல் பிரிவு எடுத்த மகன், நீட் தேர்வை இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டு, இப்போது சுகாதார ஆய்வாளர் படிப்பில் சேர்கிறேன் என்கிறான் என எழுதியிருக்கிறீர்கள். “தெருத்தெருவாகக் கொசு மருந்து அடிக்கிற வேலைக்கா இவ்வளவு படிக்க வைத்தேன்” என்ற அந்த ஒரு வரியில் உங்கள் மனசு முழுக்கத் தெரிந்தது. அந்த வருத்தம் தப்பில்லை. ஆனால் வேலை என்ன என்று தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இவன் உங்கள் வயிற்றில் இருந்தபோது வீடு தேடி வந்து, இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்ட நர்சம்மாவை நினைவிருக்கிறதா? அவர் கிராம சுகாதாரச் செவிலியர். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. இந்த அமைப்பை நடத்துவது பொது சுகாதாரத் துறை. ஊரில் நோய் வராமல் பார்த்துக்கொள்வதற்கென்றே மருத்துவமனைகளிலிருந்து பிரித்துத் தனித் துறையாக இதைத் தமிழ்நாடு வைத்திருக்கிறது. இதற்கான சட்டம் 1939-இலேயே வந்துவிட்டது. மாநிலம் முழுவதற்கும் பிறப்பு, இறப்புப் பதிவின் தலைமைப் பதிவாளரும் இந்தத் துறையின் இயக்குநர்தான். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருவதும் இந்தத் துறை வழியாகத்தான்.

சரி, இதில் உங்கள் மகனுக்கு என்ன வேலை? ஊரில் எல்லோரும் ‘ஹெச்.ஐ. சார்’ என்று கூப்பிடுகிற ஆளின் வேலை. சில வருடங்களுக்கு முன் இதே தயக்கத்தோடு வந்த ஒரு பையனை, எனக்குத் தெரிந்த சுகாதார ஆய்வாளர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அன்று ஒரு வீட்டில் டெங்கு உறுதியாகியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து முகவரி வந்ததும் அவர் கிளம்பிவிட்டார். காய்ச்சல்காரர் வீட்டோடு நிற்கவில்லை, சுற்றியிருந்த வீடுகளிலும் ஏறி இறங்கினார். மூன்றாவது வீட்டில் தொட்டி, குடம் எல்லாம் மூடியே இருந்தன. அவர் ஃபிரிட்ஜை முன்னால் இழுக்கச் சொல்லி, பின்பக்கத் தட்டில் டார்ச் அடித்தார். இரண்டு விரல் அளவு தண்ணீர். வெளிச்சம் பட்டதும் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டு அடியில் இறங்கின. “வாரம் ஒருமுறை இதைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள், சும்மா கொட்டினால் முட்டை ஓரத்திலேயே ஒட்டியிருக்கும்” என்று அந்த வீட்டுப் பாட்டியிடம் பொறுமையாகச் சொன்னார். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும், அதனால்தான் அந்த வாரக் கணக்கு. காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் அந்த முட்டை உயிரோடு இருக்கும், அதனால்தான் தேய்ப்பது. புகை அடிப்பதையெல்லாம் அதற்கப்புறம் மஸ்தூர்கள் எனப்படும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் செய்தார்கள்.

திரும்பி வரும் வழியில் கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து, சோதனைக் குழாயில் ஊற்றி, சில சொட்டு மருந்து விட்டார். மஞ்சள் நிறம் வரவில்லை. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது கடைசிக் குழாயில் இருக்க வேண்டும். உடனே டேங்க் ஆபரேட்டருக்குப் போன் போட்டார். அந்தப் பையன் அன்று சாயங்காலம் வரை என்னிடம் எதுவும் பேசவில்லை. மறுநாள் விண்ணப்பம் வாங்கிவிட்டான்.

இனி நடைமுறை. இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். அரசுப் பணிக்கு ஆள் எடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். சுகாதார ஆய்வாளர் நிலை 2-க்கு ப்ளஸ் டூவில் உயிரியல், அல்லது தாவரவியலும் விலங்கியலும் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தமிழ் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். அதோடு, ஆண்களுக்கான பல்நோக்கு சுகாதாரப் பணியாளர் படிப்பை இரண்டு ஆண்டு படித்து முடித்திருக்க வேண்டும். சுவரொட்டி ஒட்டி ஆள் பிடிக்கிற சில நிறுவனங்கள் ஆறு மாதத்திலும் ‘சானிட்டரி இன்ஸ்பெக்டர்’ சான்றிதழ் தருகின்றன. அந்தத் தாளை வைத்துக்கொண்டு, தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாமல் என் மேஜைக்கு முன்னால் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பணம் கட்டும் முன், வாரியத்தின் கடைசி அறிவிப்பைப் பதிவிறக்கி, சான்றிதழ் பற்றி அதில் இருப்பதையும் கல்லூரி காட்டும் அங்கீகாரக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு வார்த்தை இடித்தாலும் மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அறிவிப்பு வருடா வருடம் வராது. இடையில் ஒப்பந்த வேலைதான் கிடைக்கும், அதன் சம்பளம் குறைவு. நிரந்தரப் பணி கிடைத்தால் அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்கும். ஆகவே படிப்பை முடித்ததும் தொலைதூரக் கல்வியில் ஒரு பட்டத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னும் படிக்க வசதி உண்டு, அவனுக்கும் ஆசை இருக்கிறது என்றால் வேறு வழியும் இருக்கிறது. பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு, புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில் பொது சுகாதாரப் பூச்சியியல் முதுகலை படிக்கலாம். கொசுவைப் பற்றி ஆராய்வதே அங்கே படிப்பு. சென்னை அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. நோய் எங்கே தொடங்கி எப்படிப் பரவுகிறது என்று துப்பறியும் கலையை அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். மகனிடம் இரண்டையும் சொல்லுங்கள், அவனுக்கு எது இழுக்கிறது என்று பாருங்கள். உறவில் இதே ஆர்வமுள்ள பெண்பிள்ளை யாராவது இருந்தால், இரண்டு ஆண்டு ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) படிப்பு கிராம சுகாதாரச் செவிலியர் வேலைக்கான வழி.

முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு வேலை. புதன்கிழமை தடுப்பூசி நாள். வரும் புதன் காலையில் மகனையும் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஐஸ் பெட்டியிலிருந்து மருந்து எடுத்து ஒவ்வொரு குழந்தைக்கும் செவிலியர்கள் போடுவதைப் பாருங்கள். கூட்டம் குறைந்ததும் ஹெச்.ஐ. சாரிடம் போய், “பையன் இந்தப் படிப்பில் சேரணும்கிறான், உங்களோடு ஒரு நாள் சுற்ற விடுவீர்களா” என்று கேளுங்கள். அவன் சுற்றிவிட்டு வந்ததும், உங்களிடம் முதலில் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.