இறக்கையின் அடியில் நீலக் கறை: டேங்கை எப்படி அடைப்பது?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். வேறொருவர் வீட்டில் கட்டிய ஆர்வி-7 விமானத்தைப் போன வருடம் வாங்கினேன். இடது இறக்கையின் அடியில் ரிவெட் வரிசையை ஒட்டி, கசியும் பெட்ரோலின் நீலக் கறை படிகிறது. துடைத்தாலும் திரும்ப வருகிறது. பக்கத்தில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. வெளியே சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) தடவு என்கிறார் ஒரு நண்பர். டேங்குக்குள் ஸ்லாஷ் என்கிற அடைப்புத் திரவத்தை ஊற்றிக் குலுக்கு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம்.

ஆர்வி-7இல் டேங்க் என்று தனியாக ஒரு டப்பா கிடையாது. இறக்கையின் முன்பகுதியே டேங்க்தான். பக்கத்துக்கு 21 கேலன். தகட்டையும், இறக்கைக்கு வடிவம் தரும் ரிப்களையும் ரிவெட் அடித்து இணைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் பாலிசல்ஃபைட் சீலன்ட் பூசியிருப்பார்கள். கட்டுபவர்கள் வாயில் அது ‘ப்ரோசீல்’. வெளியே தடவும் சீலன்ட்டை உள்ளிருக்கும் பெட்ரோல் தள்ளிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் உரிந்துவிடும். உள்ளே தடவினால் அதே அழுத்தம் அதை ஓட்டையோடு சேர்த்து அமுக்கும்.

ஸ்லாஷ் இன்னும் மோசம். ஒரு காலத்தில் பலரும் அந்த வெள்ளைத் திரவத்தை ஊற்றி, டேங்கைப் புரட்டி உள்ளே பூசினார்கள். பின்னாளில் அது ஏடு ஏடாக உரிந்து ஃபில்டரை அடைத்தது. கசிவோடு வீடு திரும்பலாம். பறக்கும்போது பெட்ரோல் அடைத்தால் இன்ஜின் நின்றுவிடும். உங்களுடையது பழைய விமானம் என்பதால், மூடி வழியாகச் சின்ன கேமராவை விட்டு முதலில் பாருங்கள். உள்ளே வெள்ளைப் படலம் உரிந்து தொங்கினால், கசிவு இருக்கட்டும், டேங்கைத் திறந்து அதைச் சுரண்டி எடுப்பதுதான் முதல் வேலை. அதுவரை பறக்க வேண்டாம். காக்பிட்டுக்குள் பெட்ரோல் வாடை வந்தாலும் அப்படித்தான்.

சரி, கசிவு எங்கே? ஓட்டு வீட்டில் மழை ஒழுகுவது மாதிரிதான்: சொட்டும் இடம் ஒன்று, ஓட்டில் விரிசல் விட்ட இடம் வேறு. டேங்கின் பின்மூலையில் சீலன்ட் விட்டுப்போயிருந்தால், பெட்ரோல் தகட்டுக்கும் ரிப்புக்கும் நடுவே ஊர்ந்து வந்து எங்கோ ஒரு ரிவெட்டில் எட்டிப் பார்க்கும். கறையை நன்றாகத் துடைத்து, டால்கம் பவுடர் தூவி, அரை மணி நேரம் கவனியுங்கள். எது முதலில் நனைகிறது என்று தெரிந்துவிடும். டிரெயின் வால்வின் ஓ-ரிங், மூடியின் ஓ-ரிங், அளவு காட்டும் மிதவைக் கருவியின் கேஸ்கெட், உள்முனை ரிப்பில் இருக்கும் மூடு தகடு ஆகியவற்றையும் முன்னாலேயே பாருங்கள். சில டாலரில் தீரும் வேலையாக இருக்கலாம்.

அதில் தீரவில்லை என்றால் டேங்கைக் காலி செய்ய வேண்டும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. ஆவியும் காற்றும் கலந்து உள்ளே நிற்கும். ஹேங்கருக்கு வெளியே, விமானத்தையும் கேனையும் ஒயரால் இணைத்து எர்த் செய்து வடியுங்கள். எல்லா மூடிகளையும் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். வாக்குவம் கிளீனர் பக்கத்திலேயே வரக்கூடாது. அதன் மோட்டாரில் தீப்பொறி பறக்கும். பெட்ரோலில் ஈயம் உண்டு, கையுறை போடுங்கள்.

அடுத்து அழுத்தச் சோதனை. கம்ப்ரஸரை நேராகச் செருகிவிடாதீர்கள். ஒரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) என்பது சின்ன எண்ணாகத் தெரியும். ஒவ்வொரு சதுர அடித் தகட்டின் மேலும் அது ஏறக்குறைய 65 கிலோ பாரம். பிளாஸ்டிக் குழாயை யூ வடிவில் வளைத்து, தண்ணீர் ஊற்றி டேங்கோடு இணையுங்கள். இரு பக்க மட்டங்களுக்கும் 35 செ.மீ. வித்தியாசம் வந்தால் அரை பிஎஸ்ஐ, அதுவே போதும். குழாயை அளவாக வைத்தால், அழுத்தம் மீறும்போது தண்ணீர் வெளியே சிந்திவிடும், டேங்க் தப்பும். வென்ட் (டேங்குக்குள் காற்று நுழையும் குழாய்), மூடி எல்லாவற்றையும் அடைத்துவிட்டுச் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பாருங்கள். மட்டம் இறங்கியதுமே கசிவு என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளிருக்கும் காற்று ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்ந்தாலே மூன்றரை செ.மீ. குறையும். டெக்சாஸ் வெயிலில் மதியம் சோதித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒரே ஒரு ரிவெட் மட்டும் லேசாகக் கசிகிறது என்றால் லாக்டைட் 290 முயன்று பார்க்கலாம். காற்றுப் படாத இடத்தில், உலோக இடுக்கில் இறுகும் நீர்த்த திரவம் இது. நன்றாக உலர்ந்த டேங்கில் கைப்பம்பால் மிக லேசாக உறிஞ்சிக்கொண்டே ரிவெட்டைச் சுற்றிச் சொட்டுவிட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். பலமாக உறிஞ்சினால் டேங்க் உள்வாங்கிவிடும். பெயின்ட் கொப்பளித்திருப்பதைப் பார்த்தால், உங்கள் விஷயத்தில் இது போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பின்மூலை என்றால் டேங்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பின்பக்கத் தகட்டில், கசியும் அறைக்கு நேராக, கை நுழையும் அளவு வட்டமாக வெட்டுங்கள். பழைய சீலன்ட்டில் தளர்ந்ததைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள். கெட்டியாகப் பிடித்திருப்பதைச் சொரசொரப்பாக்கினால் போதும், புதியது அதன்மேல் ஒட்டும். எம்இகே என்னும் கரைப்பானைத் தொட்டுத் துடைத்து, அது காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். தானாகக் காய விட்டால் அழுக்கு அங்கேயே படியும். சீலன்ட்டைக் கண்ணளவில் கலக்காதீர்கள், தராசு வையுங்கள். பொதுவாக எடையில் பசை பத்துக்கு, அதை இறுக வைக்கும் கலவை ஒன்று. பி-2 வகை 25 டிகிரியில் இரண்டு மணி நேரம் வேலை செய்ய விடும். கோடை ஹேங்கரில் அதை நம்பாதீர்கள். வெட்டிய இடத்தில் பெரிய தகட்டை வைத்து, சீலன்ட் பூசி, முனை மூடிய ரிவெட்டால் அடையுங்கள். சாதா பாப் ரிவெட்டில் நடுவே துளை இருக்கும், அதுவே புதுக் கசிவாகும். முழுதாக இறுகிய பிறகு, சீவல் துகள் இல்லாமல் கழுவி, மறுபடி சோதனை.

அமெரிக்காவில் எக்ஸ்பெரிமென்டல் பிரிவில் வரும் இப்படி வீட்டில் கட்டிய விமானத்தில் இந்த வேலையை நீங்களே செய்யலாம், லாக்புக்கில் எழுதுங்கள். வருடாந்தரச் சோதனையில் மட்டும், அதற்குரிய சான்றிதழ் இல்லாமல் உங்களால் கையெழுத்துப் போட முடியாது. கட்டியவருக்குக் கிடைக்கும் ரிப்பேர்மேன் சான்றிதழ் விமானத்தோடு கைமாறாது. டேங்கை மூடும் முன், வீட்டில் விமானம் கட்டுபவர்களின் சங்கமான இஏஏவின் டெக்னிக்கல் கவுன்சிலர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், காசு வாங்க மாட்டார்கள்.

வென்ட்டை அடைத்ததை எடுக்க மறந்தால் டேங்கில் காற்று நுழையாது, பெட்ரோல் வராது. அடைக்கும்போதே சிவப்பு ரிப்பன் கட்டிவிடுங்கள். அப்புறம் முதல் முறை பறக்கும்போது வலது டேங்கில் கிளம்பி, ஓடுதளத்துக்கு மேலே போதுமான உயரம் பிடித்த பிறகு இடதுக்கு மாற்றுங்கள். இறங்கியதும் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.