மூன்றே கால் முயல்

அன்புள்ள ஐயா,

மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இந்த வருட அப்ரைசலில் மேனேஜர் என்னை 'ஒப்பீனியனேட்டட்' என்று எழுதியிருக்கிறார். சொந்தக் கருத்து உள்ளவள் என்ற பாராட்டா, திட்டா? தமிழில் இதற்கு என்ன சொல்?

பி.

அன்புள்ள பி.,

திட்டுதான் அம்மா. எனக்குக் கடிதம் எழுத நேரம் கிடைத்த உங்களுக்கு, எழுதினவரிடமே போய்க் கேட்க நேரம் கிடைக்கவில்லையா? மெரியம்-வெப்ஸ்டர் அகராதியையாவது புரட்டியிருக்கலாம். தன் கருத்தை விடாப்பிடியாகவோ அளவுக்கு மீறியோ பிடித்துக்கொண்டு தொங்குவது என்றுதான் அதில் பொருள்.

வேடிக்கை என்னவென்றால், உங்கள் துறையில்தான் அந்தச் சொல் நல்ல பேர் வாங்கியது. இணையச் செயலிகள் கட்ட உதவும் மென்பொருளான, 2004இல் வந்த ரூபி ஆன் ரெயில்ஸை அதை உருவாக்கிய டேவிட் ஹைனமையர் ஹான்சன் பெருமையாக அப்படித்தான் அழைத்தார். எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும், தரவுத்தள டேபிளுக்கு என்ன பேர் என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்து வைத்திருக்கும். ஒத்துப்போனால் வேலை சுருக்கமாக முடியும். மென்பொருளுக்குப் பாராட்டு, மனுஷிக்கு வசை!

தமிழ்ச் சொல்தானே? 'தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? 'கருத்து கந்தசாமி' என்று மட்டும் மொழிபெயர்த்துவிடாதீர்கள். அவன் வேறு ஆள். எதைக் கேட்டாலும் ஒரு கருத்து வைத்திருப்பவன். எத்தனை கருத்து என்று 'ஒப்பீனியனேட்டட்' எண்ணுவதே இல்லை. பிடி எவ்வளவு இறுக்கம் என்றுதான் பார்க்கிறது. ஒரே ஒரு கருத்து உள்ளவரும் அப்படி இருக்கலாம்.

என் பெரியம்மா காலையில் பேப்பரை விரித்தால் மழையிலிருந்து மந்திரிசபை வரை தீர்ப்புதான். வாயாடி என்றது வீடு. ஆனால் மறுநாள் அவளே கூப்பிடுவாள்: "டேய், நேத்து நான் சொன்னது தப்பு. இதுல போட்டிருக்கான் பாரு." அப்பா வாயைத் திறக்க மாட்டார். சாது என்று பேர். அவருக்கு இருந்தது ஒரே கருத்து: பொம்பளைப் பிள்ளைக்குப் பத்தாவது போதும். 1983இல் அக்கா பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கினாள். தலைமையாசிரியை வீடு தேடி வந்து கெஞ்சினார். பெரியம்மா இரண்டு நாள் சண்டை போட்டாள். அப்பா குரலை உயர்த்தவே இல்லை. எழுந்துபோய்க் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு வந்து, "இலையைப் போடு" என்றார்.

உங்கள் மேனேஜர் எப்படி, அதிகம் பேசாதவரா?