கையெழுத்து மட்டும் வேறு ஒருவருடையது

கேள்வி: மண்ணடியில், சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் 11 வருடமாக டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். கையில் இருப்பது, தேர்வு எழுதாத ஊழியர்களுக்குச் சுங்கத் துறை தரும் எச் கார்டுதான். நான் வேலை பழக்கிவிட்ட தம்பி சுங்கத் துறையின் ஜி கார்டு தேர்வு எழுதி, இப்போது எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார். சந்தேகம் என்றால் எல்லோருக்கும் இந்த அக்கா வேண்டும். சம்பள உயர்வில் மட்டும் ஞாபகம் வருவதில்லை. நானாகப் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: அன்புத் தோழி, உங்கள் நீண்ட கடிதத்தில் ஓர் இடத்தை மூன்று முறை படித்தேன். கப்பல் ஒரு நாள் முன்னதாகவே வருகிறது என்பதைக் கவனித்து, ராத்திரி எட்டு மணிக்கு பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஆவணம்) போட வைத்திருக்கிறீர்கள். மறுநாள் முதலாளி பாராட்டியபோது, "எல்லாரும் சேர்ந்துதான் சார் செஞ்சோம்" என்றீர்களாம்.

அதைப் போடத் தாமதமாகியிருந்தால் முதல் 3 நாட்களுக்குத் தினம் 5,000 ரூபாய், அதற்குப் பிறகு தினம் 10,000 ரூபாய் கட்டணம். அது மிச்சமானது உங்கள் ஒருவர் கண்ணால். அதை எதற்கு ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக் கொடுத்தீர்கள்? எனக்கு மனசே ஆறவில்லை. அடக்கமாக இரு என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததால் வந்த வார்த்தை அது, தெரிகிறது. ஆனால் யாரோ செய்தார்கள் என்றுதான் முதலாளி காதில் அது விழும்.

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். தேதி, ஜாப் நம்பர், என்ன தப்பைப் பிடித்தீர்கள், எவ்வளவு மிச்சம். வீடு திரும்பும் மெட்ரோவில் இரண்டு வரி எழுதினால் போதும். இரண்டு மாதம் கழித்து அதோடு உள்ளே போங்கள். "தப்பா நினைச்சுக்காதீங்க சார்" என்று ஆரம்பிக்காதீர்கள். "சார், இந்த ரெண்டு மாசத்துல நான் பார்த்த வேலை இது. எனக்கு இவ்வளவு சம்பளம் வேணும்" என்று தொகையைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் பேசும் வரை காத்திருங்கள்.

கேக் வாங்க, டீ சொல்ல, வசூல் பண்ண எல்லாவற்றுக்கும் நீங்கள்தானாமே? இப்படி உயர்வுக்கு உதவாத வேலைகளை ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் பெண்களே அதிகம் ஏற்கிறார்கள் என்று 2017-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. பெண்கள் மட்டுமே இருந்த குழுக்களுக்கும் ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களுக்கும் இடையில் அந்த வித்தியாசம் இல்லை. அதனால் இது உங்கள் சுபாவம் என்று நினைக்க வேண்டாம். அடுத்த வசூலை அந்தத் தம்பி செய்யட்டும்.

ஜி கார்டைத் தள்ளிப்போடாதீர்கள். எச் கார்டை வைத்துக்கொண்டு சுங்க ஆவணத்தில் கையெழுத்துப் போட முடியாது. நீங்கள் தயாரிக்கும் ஒவ்வொரு காகிதத்திலும் வேறு ஒருவர் பெயர் இருப்பது அதனால்தான். தம்பிக்குப் பாடம் நடத்தியவருக்கு அந்தத் தேர்வு மலை இல்லை. சம்பளம் பேசப் போகும் அன்றைக்கே, அடுத்த தேர்வுக்கு உங்கள் பெயரையும் அனுப்பச் சொல்லிவிட்டு வாருங்கள்.