குட்டைத் தண்ணீர் எங்கே போகிறது? – உழவர் கேள்வி பதில்

தாரமங்கலம் வாசகர்: எங்களுடையது இரண்டு ஏக்கர் செம்மண் மேட்டு நிலம். 30-க்கு 30 அடி, 6 அடி ஆழத்தில் பண்ணைக்குட்டை வெட்டினோம். ஐப்பசி மழையில் நிரம்பி வழிந்தது. தை பிறப்பதற்குள் தரை தெரிகிறது. இன்னும் ஆழப்படுத்தலாமா, பிளாஸ்டிக் ஷீட் விரிக்கலாமா?

அதற்கு முன் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். கரையை ஒன்றுக்கு ஒன்று சரிவில் (ஓரடி ஆழத்துக்கு ஓரடி உள்வாங்கி) இறக்கியிருந்தால் அடித்தளம் 18-க்கு 18 அடிதான் இருக்கும். அப்படியானால் குட்டையின் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். நாளுக்கு 5 மி.மீ. ஆவியாவதாக வைத்தாலும் 400 லிட்டர் சொச்சம்தான், இரண்டு மாதத்துக்கு 25,000 லிட்டர். மீதி முக்கால் பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது.

இதைச் சோதிக்க ஒரு வாளி போதும். வாளியில் தண்ணீர் ஊற்றி, கல் போட்டு, விளிம்பு மேலே தெரியும்படி குட்டை ஓரத்தில் நிறுத்துங்கள். வாளிக்குள் ஒரு கோடு, பக்கத்தில் நட்ட குச்சியில் ஒரு கோடு. மழையில்லாத மூன்று நாள் கழித்துப் பார்த்தால், வாளியில் குறைந்தது வெயில் குடித்தது. குச்சியில் அதற்கு மேல் குறைந்ததெல்லாம் கசிவு.

கசிவு என்று தெரிந்தால் ஆழப்படுத்தாதீர்கள். செம்மண்ணுக்கு அடியில் சரளை தட்டினால் இன்னும் வேகமாக இறங்கும். குட்டைக்குக் கீழ்ப்புறம் உங்கள் கிணறு இருக்கிறதா? இருந்தால் ஷீட்டே வேண்டாம். ஊறும் தண்ணீரில் ஒரு பங்காவது கிணற்றுக்கு வரும். கிணறு இல்லையென்றால்தான் 500 மைக்ரான் ஷீட். 30-க்கு 30 குட்டைக்கு அதே அளவில் ஷீட் வாங்குவதுதான் பலரும் செய்கிற தவறு. அடித்தளம் 18 அடி, இரு பக்கச் சரிவு எட்டரை எட்டரை அடி, கரைமேல் ஒன்றரை அடிப் பள்ளத்தில் மடித்துப் புதைக்கப் பக்கத்துக்கு 3 அடி. ஆக 41 அடி. தளர்வுக்கு ஓரடி சேர்த்து 42-க்கு 42 கேளுங்கள். விரிக்கும் முன் கல், வேர் முனைகளைப் பொறுக்கிவிட்டுச் சலித்த மண்ணை நான்கு அங்குலம் பரப்ப வேண்டும். இதைச் சோம்பேறித்தனமாகச் செய்தால் முதல் மழையின் எடையிலேயே ஷீட் கிழியும். தண்ணீர் நுழையும் வாயில் 4-க்கு 4 அடி, 3 அடி ஆழத்தில் வண்டல் குழி ஒன்று வேண்டும். ஷீட் போட்ட குட்டையில் விழுந்தவர் வழுக்கலில் ஏற முடியாது. வேலியும், முடிச்சுப் போட்ட கயிறு நான்கு பக்கமும் கட்டாயம்.

இந்த ஒரு லட்சம் லிட்டரை வாய்க்காலில் விட்டால் ஒரு ஏக்கருக்கு ஓரங்குலம், ஒரே தண்ணீர் (பாசனம்). 3 அடிக்கு 3 அடி நட்ட மரவள்ளி ஏக்கருக்கு 4,840 செடி. சொட்டுநீரில் செடிக்கு 4 லிட்டர் என்றால் ஐந்து தண்ணீர் வரும். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் உண்டு. தாசில்தார் தரும் சிறு குறு விவசாயி சான்றை முதலில் வாங்கி வையுங்கள்.

தலைவாசல் வாசகர்: மரவள்ளிக் குருத்து கொத்துக் கொத்தாகச் சுருண்டு வெள்ளையாகப் பூச்சி அடைகிறது. மருந்து அடிக்க அடிக்கக் கூடுகிறதே?

அது மரவள்ளி மாவுப்பூச்சி. இந்தியாவில் முதலில் 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டது. நல்ல மழை அதைக் கழுவிவிடும். மழைக்கு மழை இடைவெளி நீண்டு வெயில் காய்ந்தால் பெருகும். மருந்துக்கு அடங்காததற்குக் காரணம், பூச்சியின் மெழுகுப் பூச்சும் சுருண்ட இலையும் அதைக் காக்கின்றன. செத்துப்போவது அதைத் தின்னும் குளவிதான். அனாகைரஸ் லோபெசி என்ற இந்தச் சின்னக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022-இல் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் வயலில் விட்டார்கள். உங்களுக்கு அது பக்கம்தான், விசாரியுங்கள். குருத்தில் பழுப்பாக உப்பிய பூச்சிக் கூடுகள் தெரிந்தால் குளவி வந்துவிட்டது என்று பொருள். மருந்துத் தெளிப்பானைத் தொடாதீர்கள்.

சுருண்ட குருத்தை ஒடித்துப் பையில் போட்டு எரியுங்கள். வரப்பில் வீசினால் பூச்சி நடந்தே அடுத்த செடிக்குப் போகும். தொடக்க நிலையில் மட்டும் வேப்ப மருந்தான அசாடிராக்டின் 1500 பிபிஎம், லிட்டருக்கு 5 மி.லி., பட்ட செடிகளுக்கு அடிக்கலாம். மற்றபடி இந்தப் பூச்சி ஊர் விட்டு ஊர் போவது கரணையில், அதாவது நடும் குச்சியில். இலவசமாகக் கிடைக்கிறதென்று முன்பின் தெரியாத வயலின் குச்சியை ஏற்றி வராதீர்கள். சுத்தமான வயலில் முற்றிய தண்டின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, அரையடி நீளத்தில் 8 முதல் 10 கணு இருக்குமாறு வெட்டுங்கள்.

நாகலூர் வாசகர் (ஏற்காடு): காப்பிக்குப் பூ மழை மாசியிலேயே தூறலாக வந்து நின்றுவிட்டது. மொட்டு பாதியில் நிற்கிறது. தண்டு துளைப்பானும் அதிகம்.

ஒரே மூச்சில் ஓரங்குலம் அளவு நனைந்தால்தான் மொட்டு முழுதாக விரியும். தூறலுக்கு உப்பிப் பாதியிலேயே கருகும். அரையங்குலம்தான் பெய்தது என்றால் மீதி அரையங்குலத்தை உடனே ஸ்பிரிங்க்ளரில் கொடுத்துவிட வேண்டும். ஏக்கருக்கு 50,000 லிட்டர் தேவைப்படுமாதலால், தண்ணீர் குறைவென்றால் எல்லாவற்றையும் அரைகுறையாக நனைக்காமல் நல்ல காய்ப்புள்ள அரை ஏக்கரைத் தேர்ந்தெடுங்கள். பூ விரிந்த நாளில் தெளிக்கக் கூடாது, மகரந்தம் கெடும். எவ்வளவு பெய்தது என்று அறிய ஒரு மழைமானி தோட்டத்திலேயே வேண்டும். டவுனில் பெய்தது நாகலூருக்கு ஆகாது.

துளைப்பான் வண்டு வெயில் படும் தண்டைத் தேடி முட்டையிடும். சவுக்கு (சில்வர் ஓக்) மட்டும் நிற்கும் தோட்டத்தில் நிழல் மெல்லியது. இடையில் முள்முருங்கைப் போத்து நட்டு, பலா, அத்தியையும் வையுங்கள். கோடைக்கு முன் நிழல் மரங்களின் கிளையைக் கழிக்காதீர்கள். வண்டு பறக்கும் சித்திரை, ஐப்பசிக்கு முன், வருடம் இருமுறை, தண்டில் வரிவரியாகப் புடைத்த செடிகளைத் தேடிப் பிடுங்கி எரியுங்கள். விறகாக அடுக்கி வைத்தால் அதிலிருந்தே வண்டு வெளிவரும்.

ஏற்காடு வாசகர்: கனமழைக்குப் பின் மிளகுக் கொடி திடீரென வாடுகிறது.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலோடு வந்த மாதிரி மழை கொட்டினால் வேரடியில் நீர் தேங்கி வாடல் நோய் தொற்றும். வாடிய கொடி பிழைப்பது அரிது. பக்கத்துக் கொடியைக் காப்பதுதான் வேலை. தேங்கும் நீர் வடிய வாய்க்கால் வெட்டிவிட்டு, மழைக்காலத் தொடக்கத்திலேயே 1 சதவீத போர்டோ கலவை தெளியுங்கள்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ 50 லிட்டரில், சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ 50 லிட்டரில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். பிளாஸ்டிக் தொட்டி போதும், இரும்பு ஆகாது. கத்தி முனையை நனைத்துப் பாருங்கள். செம்புப் படிவு தெரிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். அன்றே தெளித்து முடித்துவிடுங்கள்.

வாழப்பாடி வாசகர்: ஆலங்கட்டி மழையில் பயிர் போனால் காப்பீடு கிடைக்குமா?

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் பகுதிக்கு அரசு அறிவித்த பயிராக இருந்து, பிரீமியமும் கட்டியிருந்தால் கிடைக்கும். தோட்டக்கலைப் பயிருக்கு நீங்கள் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம் வரை. ஆலங்கட்டி, மண்சரிவு போன்ற சேதங்களை 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் தெரிவித்து, பதிவு எண்ணை எழுதி வையுங்கள். வறட்சியால் விளைச்சல் குறைந்தால் உங்கள் வயலை மட்டும் பார்க்க மாட்டார்கள். அந்தப் பகுதியின் சராசரிதான் கணக்கு. அடங்கலில் (வி.ஏ.ஓ.வின் பயிர்ப் பதிவு) பயிர்ப் பெயரும் சர்வே எண்ணும் விண்ணப்பத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று கட்டும்போதே சரிபாருங்கள்.